சங்கிலிக்காரர் கட்டிய கோயிலும் சுவரில் ஏறிய பிள்ளைகளும்

பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டபோது, என் கை தானாகவே கடாரத்தை நோக்கித்தான் போனது. இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டில் கப்பற்படையை அனுப்பினான் என்று தொடங்கினால் இரண்டு பக்கம் தானே ஓடிவிடும். ஆனால் பழைய மலர்களை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். கடாரம் ஏற்கெனவே நான்கு முறை வந்திருக்கிறது. அதில் ஒன்று நானே எழுதியது. ஆகவே, அன்பார்ந்த பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, இந்த முறை சோழனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, நமக்குப் பக்கத்திலேயே இருந்தும் நாம் நின்று பார்க்காத ஓரிடத்தைப் பற்றி எழுதுகிறேன். அது பினாங்கு ஜார்ஜ்டவுன்.

பினாங்குக்குப் போகாதவர் நம் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை, தீபாவளிக்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் சேலை, பிறகு நாசி கண்டார், திரும்பப் பெரி. நம் பினாங்கு அவ்வளவுதான். நானும் முப்பது வயதுவரை அப்படித்தான் போய்வந்தேன். சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு போனபோதுதான் கண் திறந்தது. திறந்து வைத்தது நானல்ல, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பட்டர்வொர்த்தில் பெரி ஏறி, வெல்ட் கீ துறையில் இறங்கி, கார்ன்வாலிஸ் கோட்டையைத் தாண்டி லைட் ஸ்திரீட் வழியே நடந்தால் பார்க்குவார் ஸ்திரீட் வரும். அங்கே ஒரே வரிசையில் மூன்று கட்டடங்கள். ஒரு பக்கம் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், நடுவில் அரும்பொருளகம், அந்தப் பக்கம் அசம்ப்ஷன் தேவாலயம். நம் சனங்களுக்கு எல்லாமே 'மாதா கோயில்'தான். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குச் சூலை மாதத்தில் மெழுகுவர்த்தி ஏந்திப் போகிற இந்துக் குடும்பங்கள் நம் லயத்திலேயே உண்டு. ஆனால் பினாங்கிலுள்ள இந்த இரண்டும் வேறு வேறு சபை, வேறு வேறு கதை.

வயதில் மூத்த கதை அசம்ப்ஷன் தேவாலயத்துக்கு. பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி இந்தத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அதற்கு நான்கே நாள் கழித்து, ஆகஸ்ட் 15ஆம் தேதி, கோலக்கெடாவிலிருந்து ஒரு கூட்டம் கத்தோலிக்கக் குடும்பங்கள் வந்து கரையேறின. போர்த்துக்கீசியக் கலப்பில் பிறந்த யுரேசியர்கள் அவர்கள். முன்பு புக்கெட் தீவில் இருந்தவர்கள், அங்கே இருக்க முடியாமல் கெடாவுக்கு வந்தவர்கள், கெடாவிலிருந்து இங்கே. லைட்டின் வாழ்க்கைத் துணையான மார்ட்டினா ரோசல்ஸ் அந்தச் சமூகத்துப் பெண்தான். கார்னோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அவர்களுக்குத் தலைவர். வந்து இறங்கிய நாள் மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அதனால் தேவாலயத்துக்கும் அந்தப் பெயரே வந்தது. முதலில் அவர்கள் கும்பிட்ட இடம் இருந்த தெருவுக்குத்தான் இன்றும் சர்ச் ஸ்திரீட் என்று பெயர். இப்போது நாம் பார்க்கிற இரட்டைக் கோபுரக் கட்டடம் 1861இல் முடிந்தது. 1955இல் பினாங்கு மறைமாவட்டத்தின் பேராலயம் என்ற தகுதி கிடைத்தது. 2003இல் அந்தத் தகுதி கிரீன் லேனில் இருக்கும் தூய ஆவி தேவாலயத்துக்குப் போய்விட்டது. ஏன் போனது? பட்டணத்துக்குள் குடியிருந்த சனம் வெளியே போய்விட்டது. கும்பிட ஆள் குறைந்துவிட்டது. இந்த விஷயம் பிறகு ஒரு முறை வரும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று பினாங்கு ரோட்டில் தூய பிரான்சிஸ் சவேரியார் தேவாலயம் 19ஆம் நூற்றாண்டிலேயே ஏற்பட்டது. அன்று எங்களுக்கு நேரம் போதவில்லை, அங்கே போகவில்லை.

இனி செயிண்ட் ஜார்ஜ். வெள்ளை வெளேரென்று, முன்னால் பருத்த தூண்கள், மேலே எட்டுப் பட்டையாக ஒரு கோபுரம், சுற்றிலும் பெரிய மரங்கள், புல்வெளி. ஏதோ கிரேக்க நாட்டுக் கோயிலைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்த மாதிரி இருக்கும். தென்கிழக்காசியாவிலேயே மிகப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம் இது. 1816இல் வேலை தொடங்கி 1818இல் முடிந்தது. ஹட்சிங்ஸ் என்ற பாதிரியார் முயற்சி எடுத்தார். 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலைத் தொடங்கியவரும் அவர்தான். திட்டம் போட்டுக் கட்டுவித்தவர் கேப்டன் ராபர்ட் ஸ்மித், வங்காளப் பொறியியல் படையைச் சேர்ந்தவர். அவர் நல்ல ஓவியரும்கூட. அவர் வரைந்த பினாங்குக் காட்சிகள் பத்து, 1821இல் இலண்டனில் அச்சுப் படங்களாக வெளிவந்தன.

சென்னையில் கதீட்ரல் ரோட்டில் ஒரு செயிண்ட் ஜார்ஜ் பேராலயம் இருக்கிறது. அது சில ஆண்டு மூத்தது. அதன் சாயல் இதில் உண்டு என்று கட்டடக்கலை தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டையும் அர்ப்பணம் செய்தவர் ஒரே ஆள்தான். கல்கத்தா பிஷப் மிடில்டன் 1816 சனவரியில் சென்னைப் பேராலயத்தை அர்ப்பணித்தார், 1819 மே 11ஆம் தேதி பினாங்குக்கு வந்து இதை அர்ப்பணித்தார். முதலில் சென்னைப் பாணியில் தட்டையான மச்சுக் கூரைதான் போட்டிருந்தார்கள். பினாங்கு மழைக்கு அது தாங்குமா? ஒழுகித் தீர்த்தது. 1864இல் அதை எடுத்துவிட்டுச் சரிவான கூரை போட்டார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கோயில் சேதமானது. பிறகு உள்ளே இருந்த சாமான்களையெல்லாம் கொள்ளை கொண்டுபோய்விட்டார்கள். 1948இல்தான் மறுபடி வழிபாடு நடந்தது. 2007இல் அரசாங்கம் இதைத் தேசிய மரபுடைமையாக அறிவித்தது.

இந்த விவரத்தையெல்லாம் நான் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். மாணவர்களைத் தூண் நிழலில் உட்கார வைத்து, பெருமையாக வாசித்துக் காட்டினேன். "இந்த அழகான தேவாலயத்தைக் கட்டியவர் கேப்டன் ராபர்ட் ஸ்மித்" என்று முடித்தேன். அப்போதுதான் அந்தப் பெண் கையைத் தூக்கினாள். அவள் அப்பா நம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்.

"ஐயா, அந்தத் துரை ஒருத்தரா இவ்ளோ கல்லையும் தூக்கினாரு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "இல்லம்மா, கூலிக்காரங்க இருந்திருப்பாங்க" என்றேன்.

"அவங்க பேரு என்ன?"

"அது எழுதி வைக்கலம்மா."

அவள் அதோடு விடவில்லை. உள்ளே போய்ச் சுவரில் பதித்திருந்த பளிங்குப் பலகைகளைப் பார்த்துவிட்டு வந்து, "இவ்ளோ பேரு எழுதி வச்சிருக்காங்களே" என்றாள். அவள் சொன்னது உண்மை. கம்பெனி அதிகாரிகள், அவர்கள் மனைவிமார் என்று பலருக்கு அங்கே நினைவுப் பலகை உண்டு. வெளியே புல்வெளியில் பிரான்சிஸ் லைட்டுக்கு ஒரு மண்டபம், தீவு ஏற்பட்டு நூறாண்டு ஆனதற்காக 1886இல் கட்டியது.

என்னிடம் பதில் இல்லை. ஆசிரியர் பயிற்சியில் பாடத்திட்டம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள், இதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. வீடு திரும்பிய பிறகு சில வார இறுதிகள் புத்தகமும் கையுமாக உட்கார்ந்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இனி எழுதப்போகிறேன். இவ்வளவு காலம் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் கூலிக்காரர்கள் அல்ல, கைதிகள். இந்தியாவிலிருந்து கடல் கடத்தப்பட்டு வந்த கைதிகள்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பினாங்கில் ஆள் தேவைப்பட்டது. காடு வெட்ட, ரோடு போட, கட்டடம் எழுப்ப ஆள் வேண்டும். சம்பளம் கொடுத்துக் கட்டுபடியாகாது. இந்தியச் சிறைகளில் ஆள் நிரம்பி வழிந்தது. வங்காளத்துக்காரருக்குக் கடல் தாண்டுவது சாதி போகிற காரியம், 'கறுப்புத் தண்ணீர்' என்று நடுங்குவார்கள். ஆக, கம்பெனிக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலிருந்து வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களின் கைதிகளைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். பினாங்கு, பிறகு மலாக்கா, சிங்கப்பூர் என்று இந்த வழக்கம் நீண்டது. 1873இல்தான் அது முற்றாக முடிந்தது. காலில் சங்கிலியோடு ரோட்டு வேலை செய்தவர்களை மலாய்க்காரர்கள் 'ஓராங் ரந்தாய்' என்றார்கள். சங்கிலிக்காரர்கள் என்று நாம் சொல்லலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் தமிழர் அல்லர். வங்காளிகள் உண்டு, மராட்டியர் உண்டு, பஞ்சாபியரும் பின்னால் வந்தார்கள். எல்லாரும் அப்பாவிகளும் அல்லர், திருடியவன், கொலை செய்தவன், வழிப்பறி செய்தவன் எல்லாம் இருந்தான். வெள்ளைக்காரனை எதிர்த்ததற்காக அனுப்பப்பட்டவர்களும் உண்டு. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1802இல், சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பினாங்குக்குக் கடத்தினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும், சிவகங்கை மன்னர் வேங்கண் பெரிய உடையத் தேவரும் அவர்களில் அடக்கம். அவர்கள் இந்தத் தேவாலயத்துக்குச் செங்கல் சுமந்தார்கள் என்று மேடைப் பேச்சாளர் யாராவது முழங்கினால் நம்பிவிடாதீர்கள். அது 14 ஆண்டு கழித்து நடந்த வேலை. ஆனால் நாம் சேலை வாங்கப் போகிற ஊருக்குச் சிவகங்கையின் மன்னர் கைதியாக வந்திருக்கிறார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இனி சொல்லப்போவதை எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது. வங்காளத்திலும் சென்னையிலும் ஆயுள் தண்டனை பெற்ற கைதிகளுக்கு நெற்றியில் பச்சை குத்தினார்கள். வங்காளத்தில் 1797ஆம் ஆண்டுச் சட்டம். சில ஆண்டில் சென்னையும் அதைப் பின்பற்றியது. ஏதோ ஒரு அடையாளப் புள்ளி அல்ல. அவன் பெயர், அவன் செய்த குற்றம், தீர்ப்பு நாள், இவற்றை அவன் தாய்மொழியிலேயே நெற்றியில் எழுதினார்கள். 1849வரை அந்த வழக்கம் இருந்தது. விடுதலை கிடைத்த பிறகும் எழுத்துப் போகாது. தலைப்பாகையை இறக்கிக் கட்டி, முடியை வளர்த்து மறைத்துக்கொண்டார்கள்.

"அவங்க பேரு என்ன?" என்று அந்தப் பெண் கேட்டாள். எழுதி வைக்கவில்லை என்று நான் சொன்னது தவறு. எழுதினார்கள். சுவரில் அல்ல, நெற்றியில். அந்த நெற்றிகள் மண்ணுக்குள் போய்விட்டன.

வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்மவர்களுக்கு வேலையைப் பற்றிச் சொன்னால்தான் பிடிக்கும். சிங்கப்பூரில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தையும் இந்தியக் கைதிகள்தான் கட்டினார்கள். 1856இல் தொடங்கிய வேலை அது. அந்தச் சுவருக்குச் சாந்து பூசிய விதத்தை, அங்கே கைதிகளுக்கு மேலதிகாரியாக இருந்த மெக்நேர் என்ற துரை எழுதி வைத்திருக்கிறார். மணல் சேர்க்காத சிப்பிச் சுண்ணாம்பு, அதோடு முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை. இவற்றைக் கூழாக அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, சுவரில் பூசிக் காயவிட்டு, பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைப்பார்கள். 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்றே அதற்குப் பெயர். தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் கைவேலை, செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் பார்க்கலாம். வெறும் சங்கிலி மட்டும் கப்பலில் வரவில்லை, வித்தையும் வந்தது.

இன்னொன்று. கைதிகளைக் கண்காணிக்கச் சம்பளக் காவலர் போதவில்லை. ஆகவே நன்னடத்தையுள்ள கைதிகளையே மற்றக் கைதிகளுக்கு மேலாளாக வைத்தார்கள். அந்த மேலாளுக்கு ஆங்கிலேயர் எழுதிய பெயர் என்ன தெரியுமா? 'திண்டல்'. நம் 'தண்டல்'தான் அது. கப்பல்காரர்களிடமிருந்து வந்த சொல். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்ட தண்டலை நம் தாத்தாமார் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டங்கள் வருவதற்கு முன்னாலேயே அந்தச் சொல் இந்தக் கரையில் சங்கிலிச் சத்தத்துக்கு நடுவில் புழங்கியிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தேவாலயத்தைவிட்டுப் புறப்பட்டு பிட் ஸ்திரீட்டில் இறங்கினோம். இன்று அதன் பெயர் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலை. ஒரே தெருவில் சீனரின் குவான் யின் கோயில், சற்று உள்ளே குயின் ஸ்திரீட்டில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில், பிறகு 1801இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல். இவை பற்றி எழுதாதவர் இல்லை, நான் விட்டுவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு அவசரம் வேறு. அவர்கள் கைத்தொலைபேசியில் பார்த்திருந்த சுவர்ப்படங்களைத் தேடினார்கள்.

அவற்றுள் பேர்போனது ஆர்மேனியன் ஸ்திரீட்டில் இருக்கிறது. அந்தத் தெருவின் பெயரிலேயே ஒரு கதை உண்டு. ஆர்மேனியர் என்ற வணிகச் சமூகம் இங்கே வாழ்ந்தது. ஈ அண்ட் ஓ ஹோட்டலைத் தொடங்கிய சார்க்கீஸ் சகோதரர்கள் அந்த இனத்தவர்தான். பிஷப் ஸ்திரீட்டில் அவர்களுக்கென்று ஒரு தேவாலயம் 1824இல் அர்ப்பணமானது. பிறகு ஆள் குறைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவாலயத்தை இடித்துவிட்டார்கள். இன்று ஆர்மேனியர் இல்லை, அவர்கள் தேவாலயம் இல்லை, தெருப் பலகை மட்டும் இருக்கிறது. ஒரு சமூகம் கலைந்து போனால் கல் கட்டடமும் நிற்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. நம் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு, செம்பனை நடுவே விளக்கில்லாமல் நிற்கிற மாரியம்மன் கோயில்களை நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தெருச் சுவரில் ஒரு சிறுமி சைக்கிள் ஓட்டுகிறாள். பின்னால் அவள் தம்பி அவளைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து கத்துகிறான். பிள்ளைகள் வர்ணம், சைக்கிள் மட்டும் நிஜம், பழைய சைக்கிளைச் சுவரோடு சேர்த்துப் பதித்திருக்கிறார்கள். லித்துவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச், 2012ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தது. அந்த ஆண்டில் அவர் இன்னும் பல சுவர்களில் வரைந்தார். ஆ குவீ ஸ்திரீட்டில் நிஜ மோட்டார் சைக்கிளில் ஒரு பையன். கேனன் ஸ்திரீட்டில் நிஜ நாற்காலி மேல் ஏறி, எட்டாத சன்னலுக்குக் கை நீட்டுகிற பையன். முந்திரி ஸ்திரீட்டில் இரண்டு சன்னல் மேல் கைவைத்துத் தொங்குகிற நீலச் சட்டைப் பெண். எல்லாம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். துரை இல்லை, சுல்தான் இல்லை, தேர்தலில் நின்றவர் இல்லை. சாதாரணப் பிள்ளைகள், சாதாரண விளையாட்டு. அதனால்தானோ என்னவோ, சனம் வரிசையில் நின்று படம் பிடித்துக்கொள்கிறது.

எங்கள் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குக் கொஞ்சம் சலிப்பு. இதிலென்ன வரலாறு என்று நினைத்தேன். அந்த நினைப்புச் சரியில்லை என்று பிறகு புரிந்தது.

எப்படியென்றால், இந்தத் தெருக்களில் ஒரு காலத்தில் நிஜப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினார்கள். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைவீடுகளின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்தது. தையற்காரர், தச்சர், பூக்கட்டுகிறவர், தொங்கான் படகு ஆட்கள் எல்லாரும் கடைக்கு மேலேயே குடியிருந்தார்கள். 1997இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகை எகிறியது. குடும்பம் குடும்பமாகச் சனம் வெளியேறியது. அசம்ப்ஷன் தேவாலயத்தில் கும்பிட ஆள் குறைந்த கதையை முன்பு சொன்னேனல்லவா, அதற்கும் இந்த வெளியேற்றத்துக்கும் தொடர்பில்லாமல் இல்லை. 2008 சூலை 7ஆம் தேதி யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் உலக மரபுடைமையாக அறிவித்தது. கட்டடம் காப்பாற்றப்பட்டது. குடியிருந்தவர்களை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. பிள்ளைகள் போன பிறகு சுவரில் பிள்ளைகளை வரைந்தார்கள். இதைச் சொன்னால் ஓவியர்மேல் குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம், வரையாவிட்டால் அந்த முகங்கள் அதுவும் இல்லாமல் போயிருக்கும். தோட்டம் விற்றதும் லயத்தைக் காலி செய் என்று கடிதம் வாங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நகரத்தில் இன்னொரு வகைச் சுவர்ச் சித்திரமும் உண்டு. இரும்புக் கம்பியை வளைத்துக் கேலிச்சித்திரம் மாதிரி செய்து சுவரில் மாட்டியிருப்பார்கள். 2009இல் மாநில அரசு நடத்திய போட்டியில் வென்ற திட்டம் அது, மொத்தம் 52. ஒவ்வொரு தெருவின் பழைய தொழிலையும் வாழ்க்கையையும் வேடிக்கையாகச் சொல்லும். அவற்றுள் ஒன்று, இந்நகரின் ஆரம்பகாலப் பொதுக்கட்டடங்களை இந்தியக் கைதிகள் கட்டினார்கள் என்று சொல்கிறது. தேவாலயத்தின் பளிங்குப் பலகை சொல்லாததைத் தெருவோரத்துக் கம்பி சொல்லிவிட்டது. அன்று நான் அதைக் கவனிக்காமல் கடந்து போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். படித்த பிறகுதான் தெரிந்தது.

நடந்து நடந்து கால் ஓய்ந்த நேரத்தில் பையன்கள் இரண்டு பேர் ஓடிவந்து, "ஐயா, இங்க வாங்க, நம்ம ஆளு!" என்று இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு சுவர் முழுக்க ஓர் இந்தியப் படகோட்டி. ரஷ்ய நாட்டு ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா வரைந்தது. கறுத்த மேனி, உழைத்து முறுகிய உடம்பு. வர்ணம் அங்கங்கே உதிர்ந்திருந்தது. பழைய கடைவீட்டுச் சுவர் சுண்ணாம்புச் சாந்துச் சுவர், நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். இந்தக் காலத்து வர்ணம் அந்த ஈரத்தைத் தடுக்கும், அதனால் உப்புப் பூத்துச் செதில் செதிலாக உரியும். கல்லில் வெட்டிய துரை பெயர் 200 ஆண்டு நிற்கிறது, சுவரில் வரைந்த தொழிலாளி பத்து ஆண்டில் உரிகிறான்.

அந்தப் பெண் அங்கேயும் விடவில்லை. படத்தின் அடியைப் பார்த்தாள். "இவரு பேரும் எழுதலையே ஐயா" என்றாள்.

திரும்பும்போது பெரியில் யாரும் அதிகம் பேசவில்லை. களைப்பு ஒரு காரணம். நம் தோட்டங்களின் பெயர்களை நினைத்துப் பார்த்தேன். பல தோட்டங்களுக்கு ஸ்காட்லாந்து ஊர்ப்பெயர், துரைமார் பெயர். நம் சனங்கள் வைத்த தமிழ்ப்பெயர் வாயில் இருக்கிறது, பலகையில் இல்லை. பழைய செக்ரோலில் நம் பாட்டன் பாட்டி பெயர் இருந்தது. ஆபீஸ் கட்டடம் கைமாறியபோது அந்தப் புத்தகங்கள் எங்கே போயினவோ. காட்டை வெட்டிக் கித்தா நட்டவர்களுக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் மூன்றாவது தலைமுறைக்கு மேல் பெயர் தெரியாமல் விழிக்கிறார்கள். நானும் அப்படி விழிக்கிறவன்தான். என் கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று தெரியும், அவர் பெயர் தெரியாது.

இந்தப் பயணத்தால் விளைந்த ஒரு காரியத்தைப் பெற்றோர்களுக்கு அறிவித்து முடிக்கிறேன். நம் பள்ளியின் பின்சுவர், சிற்றுண்டிச் சாலைப் பக்கம், வெறுமனே கிடக்கிறது. அதில் படம் வரைய மாணவர்கள் அனுமதி கேட்டார்கள், தலைமையாசிரியரும் பள்ளி வாரியமும் சம்மதித்துவிட்டார்கள். படத்தை அவர்களே தீர்மானித்தார்கள். விடியுமுன் பெரட்டுக் களம், தலையில் விளக்குக் கட்டிய பால்மர வெட்டுக்காரர்கள், வாளி தூக்கிய பெண்கள், ஆயாக்கொட்டகையில் தொட்டில்கள். ஓவியர் யாரையும் அழைக்கவில்லை. கொஞ்சம் கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் உருவத்துக்குக் கீழும் ஒரு பெயர் எழுத வேண்டும் என்பது பிள்ளைகளின் பிடிவாதம். ஆகவே உங்கள் வீட்டில் முதன்முதலாக இந்தத் தோட்டத்துக்கு வந்தவரின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். சுவர் மழைச் சாரல் படாத பக்கம்தான். முதலில் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அதற்கு இரண்டு ஏணி தேவை, ஒன்று கிடைத்துவிட்டது.

முதல் தாளைக் கொண்டுவந்தவள் அந்தப் பெண்தான். வீட்டில் எல்லாரையும் விசாரித்துப் பார்த்திருக்கிறாள். பாட்டியின் அம்மாவுக்கு என்ன பெயர் என்று யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்தில் எல்லாரும் 'கொண்டைக்கார ஆயா' என்று கூப்பிட்டது மட்டும் ஒரு கிழவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

"இத எழுதலாமா ஐயா? இது பேரு இல்லையே" என்று கேட்டாள்.

எழுதச் சொல்லிவிட்டேன்.